அக்கா ஆண்டவரோடு போட்ட சண்டை

மார்ச் 3, செவ்வாய்

இன்று ரொட்டி நன்றாக உப்பியது. முதலாளியே பாராட்டினார். அக்காவிடம் அளக்கலாமென்று போனை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான்... அவள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. விரலுக்கு இன்னும் சேதி போகவில்லை போல.

மார்ச் 5, வியாழன்

ஜெபக்கூடத்துப் பெரியவர் பேக்கரிக்கே வந்துவிட்டார். அடுத்த வாரம் ஞாயிறு அக்காவுக்கு நினைவுக் கூட்டமாம். "நீங்கதான் பேசணும் தம்பி" என்றார். இந்த வயதில் என்னைத் தம்பி என்கிற ஒரே ஆள் அவர். அதற்காகவே தலையாட்டிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனைப் பேச்சாளர் ஆக்குகிறார். அவர் தலைவிதி.

மார்ச் 8, ஞாயிறு

குட்டி இன்றும் வரவில்லை. அக்கா மகளுக்கு வயது முப்பதைத் தாண்டினாலும் எனக்குக் குட்டிதான். கீழே டயர் கடை, மாடியில் ஜெபக்கூடம். ரப்பர் வாசனையோடு பாடி வளர்ந்த பிள்ளை, அடக்கத்துக்குப் பிறகு அந்தப் படியே ஏறவில்லை. சாயங்காலம் அவள் வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் போனேன்.

"அம்மா ஆண்டவர்கிட்ட எவ்வளவு கேட்டாங்க மாமா? மூச்சுவிட முடியாம கேட்டாங்க. என்ன கிடைச்சுது? கூட்டத்துக்கு வரேன், அது அம்மாவுக்காக. அதோட அந்த இடத்துக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் எனக்கு. இன்று அது இருமல் மருந்துதான் கேட்டது. வாங்கிக்கொண்டு திரும்பினேன். எனக்கு இருமலே இல்லை.

அக்கா கட்டிக் காத்த ஒரே சொத்து அந்த நம்பிக்கை. அது மகளோடு நின்றுபோகுமா? நான் என்ன செய்வேன்?

மார்ச் 11, புதன்

என்ன பேசுவது? அக்காவைப் பற்றி எதைச் சொல்ல, எதை விட?

அத்தான் இறந்ததும் கைக்குழந்தையை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டுத் தன்னந்தனியாக இந்த நாட்டுக்கு வந்தாள். பாஷை தெரியாது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஒவ்வொரு விரிப்பை மடிக்கும்போதும், "இதுல படுக்கிறவங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போகணும் ஆண்டவரே" என்பாள். மேற்பார்வைக்காரி, "உனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யுதா?" என்று வந்து பார்த்தாளாம். அக்கா மடித்த அடுக்குதான் அங்கே உயரம்.

எனக்கு விசா வருமுன்னே குளிருக்குக் கோட்டு வாங்கி ஆணியில் மாட்டிவைத்தவள். போனில் கிண்டல் செய்தேன். "ஆண்டவர்கிட்ட கேட்டாச்சுல்ல? அப்புறம் வாங்க வேண்டியதுதானே" என்றாள். நானும் குட்டியும் வந்து இறங்கினோம். கோட்டைப் போட்டால் கை முழங்கையோடு நின்றுவிட்டது! அவள் விட்டுவந்த பொடியனுக்கு அளவெடுத்திருக்கிறாள். ஆண்டவர் விசாவைக் கொடுத்தார், அளவைச் சொல்ல மறந்துவிட்டார்.

கடைசியில் அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்தாள். விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "எவடா மடிச்சா இத?" என்றாள். எங்கள் அக்கா, ராணிதான்.

மார்ச் 14, சனி

நாளைக்குக் கூட்டம். அடுப்பின் முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அடுப்புக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்கு ஆகவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

கூடம் நிறைந்துவிட்டது. குட்டி வாசலோடு நின்றுகொண்டாள். பெரியவர் முதலில் பேசினார். "எந்தத் துன்பத்திலும் ஒரு முறுமுறுப்புகூட இல்லாத சகோதரி..."

எனக்குப் பொறுக்கவில்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது.

"ஐயா, மன்னிக்கணும். அவ முறுமுறுக்கல, சண்டையே போட்டா" என்றேன்.

எங்கள் அம்மா இறந்தபோது இந்த நாட்டிலிருந்து ஊருக்குப் போய்வர எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அக்கா ஆண்டவரோடு பேசவில்லை. பாட்டில்லை, ஜெபமில்லை. ஆனால் ஒரு ஞாயிறு தவறாமல் இங்கே வந்து, கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். மடியில் குட்டி தூங்கும்.

"பேசாம இருக்கிறதுக்கு எதுக்குக்கா ரெண்டு பஸ் மாறி வரணும்னு கேட்டேன். அதுக்கு அவ, கோவம்னா மூஞ்சியத் திருப்பிக்குவேன், வீட்டுக்கு வராம இருப்பேனாடான்னா."

 பெரியவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வாசலைப் பார்த்தேன். குட்டி இல்லை. இறங்கிப் போய்விட்டாள்.

கெடுத்துட்டேனா? ஒரு நாளாவது இந்த வாய அடக்கக் கூடாதா? அக்கா, நீதான் சொல்லணும்.

மார்ச் 18, புதன்

குட்டி போன் எடுக்கவில்லை. ரொட்டியும் கருகியது.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் வாசலில் கார் ஹாரன். குட்டி!

"இன்னும் எவ்வளவு நேரம் மாமா சீவுவீங்க? இருக்கிறதே நாலு முடி."

வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாக. கூடத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். எல்லோரும் பாடினார்கள், அவள் உதடு அசையவில்லை. அந்தத் தாடையைப் பார்த்தேன். அச்சு அசல் அக்கா. எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது, பேக்கரி மாவெல்லாம் தோற்கும்.

முடிந்ததும் பெரியவர் பக்கத்தில் வந்தார். "எப்படிம்மா இருக்கே?"

"அவரோட பேசறதில்ல ஐயா."

"பரவால்லம்மா. எங்ககூடப் பேசு."

படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் லேட் பண்ணாதீங்க மாமா. அந்த இடத்துல வேற யாராவது உக்காந்துடுவாங்க."