வெள்ளிக்கிழமை கார் வராது

என் வீட்டுக்காரருக்கு,

கடவுளைக் கும்பிட்டுவிட்டு எழுதுவது. நானும் பிள்ளையும் அத்தையும் சுகம். உங்களுக்குக் கை நடுக்கம் குறைந்திருப்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதற்கு முதலில் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

எழுத்து நன்றாக இருக்கிறது, எழுதிய விஷயம்தான் நன்றாக இல்லை. உடம்பு தேறிவிட்டது, இனி அந்த மறுவாழ்வு இல்லத்தில் சும்மாதான் உட்கார வேண்டும், ஊருக்குத் தெரிவதற்குள் வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போ என்கிறீர்கள். மாட்டேன்.

உங்கள் அண்ணன் கார் பேசிவிட்டு வந்து நின்றார். என் கையெழுத்து இல்லாமல் பாதியில் அனுப்ப மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். குடும்ப மானம் என்று ஆரம்பித்தார். பட்டறையில் எரிந்த மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை என்று தெரு முழுக்க அளந்துவிட்டவர் அவர்தானே. ஒருவரிடம் கப்பல் கம்பெனி, இன்னொருவரிடம் சிமெண்ட் ஆலை. மாடிவீட்டு அக்கா நீங்கள் வரும்போது சென்ட் பாட்டில் வாங்கி வரச் சொல்லி வைத்திருக்கிறாள். எந்த நாடு என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு நம் வாலு, அப்பா இன்னும் முடிவு பண்ணவில்லை என்றாளாம்.

அதையெல்லாம் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தை நடத்தும் ஐயா, கடல் தாண்டிப் போன சகோதரர் பத்திரமாகத் திரும்ப வேண்டுவோம் என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். பால் வாங்காத நாளில் வாங்கியதாகக் கணக்கு எழுதாதவள் நான். கடவுள் முன்னால் எப்படிப் பொய்க்கணக்கு எழுத? எழுந்து நின்றேன்.

"அவர் வெளிநாடு போகலைங்க. குடியை விடுறதுக்காக மறுவாழ்வு இல்லத்துல தங்கியிருக்காரு. வேண்டிக்கிறதா இருந்தா அதுக்கு வேண்டிக்குங்க."

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். ஐயா தொண்டையைக் கனைத்துவிட்டு அதற்கே வேண்டினார். முடிந்ததும் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பு மாட்டும்போது தையல்காரர் மனைவி மட்டும் ஒட்டி நின்று, அங்கே சேர்க்க யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டாள். யாருக்கென்று நான் கேட்கவில்லை. போன் நம்பரைக் கொடுத்தேன்.

ஆக, ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த அவசரம் இனி உங்களுக்கு இல்லை. கோபம் வந்தால் நாலு பக்கம் திட்டி எழுதுங்கள், வாசிக்கிறேன். காரை வேறு சவாரிக்குப் போகச் சொல்லுங்கள் என்று உங்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் இந்தப் பக்கம் வருவதில்லை. பட்டறை முதலாளியையும் போய்ப் பார்த்தேன். உங்கள் இடத்தை வைத்திருப்பதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. போனால் போகட்டும், காயில் எரியாத ஊர் எங்கே இருக்கிறது?

முழுசாக முடியுங்கள். அன்றைக்கு நானே பஸ்ஸில் வந்து கூட்டி வருகிறேன். பட்டப்பகலில், கடைத்தெரு வழியாக, உங்கள் பக்கத்தில் நடந்து வருவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதுவரைக்கும் கடவுள் உங்கள் தோளிலிருந்து கையை எடுக்காமல் இருக்கட்டும். நீங்களும் அதைத் தட்டிவிடாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி