என்னைக் கேட்காமல்

வெண்ணந்தூர்
24.8.2024

அன்புள்ள இலக்கியாவுக்கு,

நலம். நலமா என்று கேட்க மனம் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். ஆடிப்பெருக்குக்கு என்று மேட்டூரில் உன் அப்பா வீட்டுக்குப் போனவள் ஆவணி பிறந்தும் திரும்பவில்லை. போனில் பேசினால் என் குரல் ஏறிவிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். அதனால் எழுதுகிறேன்.

நேற்று சேலத்தில் செக்கப். புதிய டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "கேன்சர் ஆபரேஷனுக்கு முன்னாடி விந்து சேமிச்சு வெச்சீங்களா?" என்றார். எனக்கு இரண்டுமே புதுச் செய்தி. ஒரு வருடமாக மூத்திரப்பையில் சாதாரணக் கட்டி என்றுதானே எல்லோரும் சொன்னீர்கள்? மூத்திரப்பையோடு விந்து வரும் வழியையும் எடுத்தாகிவிட்டதாம். இனி இயல்பாகக் குழந்தை பிறக்காதாம். ஆண்மை திரும்பாததும் நரம்பு அடிபட்டதால்தானாம். நான் என்னையே நொந்துகொண்டு ஒரு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அண்ணனைக் கேட்டேன். "டாக்டரு எங்களை வெளிய கூப்புட்டுச் சொன்னாருடா. சேமிக்கோணும்னா கேன்சருன்னு உன்கிட்டச் சொல்லோணும். நீ தாங்க மாட்டீன்னு உட்டுட்டோம். இலக்கியாவும் அங்கதான் நின்னுச்சு" என்கிறார்.

நீயுமா? என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

குமரகுரு

*

மேட்டூர்
30.8.2024

மாமாவுக்கு இலக்கியா எழுதுவது.

ஆமாம், நின்றேன். அப்போது கல்யாணமாகி ஏழு மாதம். உங்கள் அப்பாவும் அண்ணனும் இருக்கும்போது டாக்டர் அதைச் சொல்ல, நான் கூச்சத்தில் தரையைப் பார்த்தேன். அண்ணன், "வேண்டாங்க" என்றார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்காதது என் தப்பு. எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

மற்றதற்கு யாரைத் திட்டுவது? தொட்டால் கையைத் தட்டிவிட்டீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூத்திரப் பையை மாற்றக்கூட நான் ஆகாது, அதற்கு உங்கள் அம்மா வேண்டும். அந்த அம்மாவே, "அரச மரத்தைச் சுத்து, வயிறு தொறக்கும்" என்றபோது எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நாம் தொட்டுக்கொள்வதே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். ஒரு வார்த்தை பேசினீர்களா? ஊர் வாயெல்லாம் என் வயிற்றின் மேல்தான் விழுந்தது.

கோபம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

இலக்கியா

*

வெண்ணந்தூர்
8.9.2024

இலக்கியாவுக்கு,

நீ எழுதியது அத்தனையும் சரி. அதனால் முடிவு செய்துவிட்டேன். உனக்கு இருபத்தாறு வயதுதான். நேற்று ராசிபுரத்தில் உன் தம்பி ஜீவாவைப் பார்த்து, பிரிந்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். வக்கீலிடம் பேப்பரும் எழுதியாயிற்று. வேறு நல்ல இடமாகப் பார்த்துக்கொள். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.

குமரகுரு

*

மேட்டூர்
17.9.2024

மாமா,

ஜீவா வந்தான். வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னான். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த எனக்கு, என் கல்யாணம் முடிந்துபோனது அப்படித்தான் காதில் விழுந்தது.

என்னைக் கேட்காமல் எப்படிச் செய்தீர்கள் என்று மூன்று வாரமாகக் குதித்தீர்களே, இப்போது நீங்கள் செய்ததற்கு என்ன பெயர்? என் நல்லதுக்காம்! உங்கள் அண்ணன் சொன்னதும் இதேதான். எரிச்சலாக வருகிறது, மாமா. உங்கள் வீட்டு ஆண்களுக்கு அடுத்தவர் நல்லதைத் தீர்மானிப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாதா?

இங்கே ஒரு டாக்டரம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். விதைப்பையில் ஊசி போட்டு உயிரணு எடுத்துப் பார்க்கலாமாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆண்மைக்கு மாத்திரை, ஊசி, பம்பு என்று பல வழி இருக்கிறதாம், எல்லோருக்கும் பலிக்காதாம். கேட்பதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. அந்தம்மா சாதாரணமாகத்தான் பதில் சொன்னார்.

எனக்குக் குழந்தை வேண்டுமா, உங்களோடு இருப்பதா போவதா, இதையெல்லாம் நான் சொல்ல வேண்டும். இன்னும் முடிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வக்கீல் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, ஜீவாவிடம் சொன்னதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதைக் கிழிப்பதா, கையெழுத்துப் போடுவதா என்று அப்புறம் சொல்கிறேன்.

இதுவரை உங்கள் மனைவி,
இலக்கியா