குல்சும் வைத்த பெயர்கள்

அன்பு மச்சானுக்கு, தஸ்லீமா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் குல்சுமும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். தம்மாமிலிருந்து லீவில் வந்திருக்கும் ஷமீம் அண்ணன், அங்கே வெயில் கடுமை என்றார். தலையில் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதீர்கள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் வீடியோவில் கூப்பிட்டாலே குல்சும் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அதனால் லீவு முடிந்து திரும்பும் அண்ணன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஜூனில் அவளை விழுப்புரத்தில் காதுகேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறீர்கள். இப்போது படிக்கும் திண்டிவனத்து இலவசப் பள்ளியில் கிச்சடியும் செருப்பும்தான் கிடைக்கும், படிப்பு கிடைக்காது என்பது உங்கள் கோபம். போன வருஷம்வரை எனக்கும் அதே கோபம்தான். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு சித்ரா டீச்சர் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துவார். உதடு தெரியாமல் இவளுக்கு என்ன விளங்கும்? பார்த்துப் பார்த்து அழகாக எழுதினாள். கெட்டிக்காரி என்று பாஸ் போட்டார்கள். ஒருநாள் ‘தண்ணீர்’ என்று எழுதிக் காட்டி, இது என்னவென்று கேட்டேன். அதன் கீழே அதையே என்னைவிட அழகாக எழுதித் திருப்பிக் கொடுத்தாள். வயிறு எரிந்துவிட்டது மச்சான்.

இப்போது கதையே வேறு. செவ்வாய்க்கிழமை தோறும் வரும் சிறப்பு ஆசிரியரிடம் இவள் கற்ற சைகையை வகுப்பே இவளிடம் கற்றுக்கொண்டது. அரையாண்டுத் தேர்வில் அத்தனை வாண்டுகளும் சத்தமில்லாமல் கையாலேயே விடை சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. டீச்சர் கூப்பிட்டனுப்பியதும், டி.சி. கொடுக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவரோ சிரிக்கிறார். “வாயத் தொறந்தா அதட்டலாம்மா. இதுங்க கையால பேசிக்கினு இருக்குதுங்க, நான் பேக்கு மாதிரி நிக்கிறேன்” என்றார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவரும் உட்கார்ந்து சைகை படிக்கிறார். பாடத்தையும் பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று சொல்கிறார்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கணக்கு வருகிறது, தமிழில் வாக்கியம் இன்னும் முன்னும் பின்னுமாகத்தான். சிறப்பு ஆசிரியர் தினமும் வரவேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் நானே எழுந்து கேட்டேன். இலவசம் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? ஐந்தாம் வகுப்பு முடியட்டும், விடுதியை அப்புறம் பார்க்கலாம். தோழிகளோடு சிரித்துக்கொண்டு வருகிறவளை இப்போது பிரிக்க வேண்டாம்.

குல்சும் எல்லோருக்கும் கையால் பெயர் வைத்திருக்கிறாள். முக்காட்டை இழுத்துவிடுவதுபோல் காட்டினால் நான். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டால் டீச்சர். உள்ளங்கையைப் போன்போல முகத்துக்கு நேரே பிடித்தால் நீங்கள். கைக்குழந்தையில் விட்டுப்போன வாப்பாவை அவள் வேறு எங்கே பார்த்தாள்?

இந்த லீவுக்காவது வந்து எங்களோடு இருங்கள். அவள் உங்களுக்கு வேறு பெயர் வைக்கட்டும். அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உங்கள்,
தஸ்லீமா