கோல் போடாதவனின் பெயர்

ஐப்பசி, செவ்வாய் இரவு

நாளை துறைமுக மைதானத்தில் பரிசளிப்பு. எங்கள் ஹொக்கி அணியின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று முடிவெடுக்க மாலையில் கூடினோம். நான் யோகனின் பெயரைச் சொன்னேன். பின்வரிசையில் எனக்கு முன்னே நின்று ஆடியவன். போன கிழமை சுற்றிவளைப்பில் இராணுவம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. எங்கே என்று இன்னும் தெரியாது.

"இத்தனை வருசத்தில அவன் ஒரு கோலும் போடேல்லையே," என்றார் செயலாளர்.

"நான் கோல் காக்கிறவன். அவன் நிண்டா பந்து என்னட்ட வராது. விழாத கோலை ஆர் எண்ணுறது?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "கோல் இல்லைத் தம்பி பிரச்சினை. ஆமி முகாமில இருந்தும் ஆக்கள் வருவினம். அந்தப் பேரை மைக்கில ஆர் வாசிக்கிறது?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "நான் வாசிக்கிறன்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். "உங்களையும் கொண்டுபோனா நாங்கள் என்ன செய்யிறது?" தட்டை அவள் பக்கம் திரும்ப நகர்த்தினேன்.

அவள் இன்னும் தூங்கவில்லை. வெளியே ஜீப் ஒன்று மெதுவாகப் போகிறது. நின்றதோ என்று பயந்தேன், போய்விட்டது. அவன் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குக்கூடக் கேட்டிருக்காது. இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கவேண்டும்.