இயற்கை எய்திய கால்மிதி

அன்பும் அறிவும் நிறைந்த (இரண்டாவது சந்தேகம்தான்) அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறை வாசலில் ஒன்பது ஆண்டுகள் மிதிபட்டே தொண்டாற்றிய பச்சை நிறப் பிளாஸ்டிக் கால்மிதி, கடந்த சனிக்கிழமை காலை எட்டு மணியளவில் இயற்கை எய்தியது. பிளாஸ்டிக் எப்படி இயற்கை எய்தும் என்று கேட்பாய். அது கிடந்த இடத்தில் இப்போது தென்னை நார்க் கால்மிதி கிடக்கிறது. வேறு எப்படி எய்துவதாம்?

சிரித்துவிட்டாயா? சரி, இனி எங்காவது உட்கார்ந்து படி.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று தோன்றும். போனில் பேசினால் அம்மாவுக்குக் கேட்டுவிடும். அவள் காது இப்போது அவ்வளவு கூர்மை. மாடியில் நான் சாக்லேட் உறையைப் பிரித்தால் சமையலறையிலிருந்து திட்டு வருகிறது. கடிதம் என்றால் பயமில்லை. மேசைமேல் விரித்துப் போட்டாலும் அவளால் படிக்க முடியாது. இந்த வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் அம்மா நடையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அதற்கு அப்புறம் நடந்தது. கட்டுப் போட்ட டாக்டர், அம்மா வெளியே போகும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, எதற்கும் கண்ணையும் காட்டிவிடுங்கள் என்றார். காட்டினோம். கண்ணுக்குள் அழுத்தமாம். ஓரங்களிலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். தின்றது தின்றதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து கொஞ்ச நாள் பிடித்துவைக்கும் என்றார்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அப்பா மூன்று தடவை கேட்டார். கண் டாக்டரம்மா மூன்று தடவையும் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

வீடியோவில் பேசும்போதெல்லாம் அம்மா போனைக் கூரையைப் பார்த்துப் பிடிக்கிறாள் என்று கிண்டல் செய்தாயே, அது ஸ்டைல் இல்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். “அவளுக்கு இது கடைசி வருஷம். சொன்னா அடுத்த வண்டியில ஏறி வந்து நிப்பா, படிப்பு போச்சு. வாயத் திறந்த, தெரியும் சேதி” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. பேனாவைத்தான் திறந்திருக்கிறேன்.

இனி என் சாதனைகளுக்கு வருவோம். ஐந்து வருடமாக நீ கட்டடக்கலை படித்துக் கிழித்ததை உன் தம்பி ஐந்தே வாரத்தில் செய்து முடித்துவிட்டான். நம் வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். டைல்ஸ் கடையில் விற்பனையாளரான அப்பா, கடையிலேயே பளபளப்பான வெள்ளையைப் பொறுக்கி எடுத்துத் தரைக்கும் போட்டு, சுவரில் இடுப்புயரத்துக்கும் ஏற்றியிருந்தார். ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது என்று நீ சொன்னதற்கு இரண்டு நாள் உன்னிடம் பேசாமல் இருந்தார். அந்த வெள்ளையில் அம்மாவுக்குத் தரை எது, சுவர் எது, படி எது என்று எதுவுமே தெரியவில்லை. வெள்ளை மேடையில் வெள்ளை டம்ளரைத் தேடி, கையால் தட்டிவிட்டு, சத்தத்தை வைத்துத்தான் அது எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பாள்.

அதனால் நான் வீட்டுக்கு ‘சொரசொரப்பு’த் திட்டம் தீட்டினேன். கூடத்தில் முரட்டுச் சணல் விரிப்பு. சமையலறை வாசலில் கோரைப்பாய். படுக்கையறையில் தடிமனான பருத்தி ஜமுக்காளம். கால் வைத்ததும் தூக்கம் வரும், நான் சோதித்துவிட்டேன். கதவுகளில் வழுக்கும் எவர்சில்வர் பிடிகளைக் கழற்றிவிட்டு மரப்பிடிகள். நடையில் இடுப்பு உயரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சணல் கயிறு. சமையலறை வரும் இடத்தில் ஒரு முடிச்சு, மாடிப்படி வரும் இடத்தில் மூன்று. இவனுக்குக் கயிறு திரிக்கத்தான் தெரியும் என்பாயே, இப்போது கட்டவும் தெரியும். கூடத்துச் சுவர் ஒன்றில் டைல்ஸ்மேல் களிமண் பூசினேன். தலையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே, இன்னும் ஒரு சுவருக்கு இருக்கிறது.

சிறு தவறு ஒன்று நடந்தது. நார்க் கால்மிதி இரண்டு வாங்கினால் மலிவு என்பதால், ஒன்றைக் குளியலறைக்கும் இன்னொன்றைத் தெருக்கதவுக்கும் போட்டிருந்தேன். அம்மா கண்ணை நம்புவதை விட்டு உள்ளங்காலை நம்பத் தொடங்கியிருந்தாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கதவை உள்ளிருந்து தட்டி, “உள்ள யாரு? எவ்வளவு நேரம்டா?” என்றாள். வெளியிலிருந்து, “உள்ள இல்லைங்க, வெளிய. பேப்பர்!” என்று பதில் வந்தது. அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள், துண்டை முகத்தில் வைத்தபின் எடுக்கவே இல்லை. நான் பள்ளிக்கு நேரமாகிவிட்டதுபோலக் கிளம்பிவிட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

தெருக்கதவின் முன் தரையில் இப்போது மூங்கில் தட்டி. காலில் பட்டால் கறகறவென்று சத்தம் போடும். இனிக் குழப்பம் இல்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் திட்டத்துக்கு அவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன்; அவருடைய டைல்ஸ் அல்லவா. அவரோ ஒரு விடுமுறை நாளில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு நடையில் குந்தினார். அம்மா விழுந்த இடத்திலிருந்து தொடங்கி, தான் போட்ட டைல்ஸை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். நான் உதவுகிறேன் என்றபோது, “வழுக்குற தரைய என் கையால போட்டேன், என் கையாலயே எடுக்கறேன். நீ போ” என்றார். அந்த இடத்தில் இப்போது இழைப்புளி அதிகம் படாத மரப்பலகை. கடையில்கூடப் பளபளப்பு கேட்டு வருகிறவர்களிடம், “வீட்ல கண்ணு சரியில்லாதவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டு, சொரசொரப்பைத் தள்ளிவிடுகிறாராம். முதலாளி இரண்டு முறை கூப்பிட்டுப் பேசிவிட்டார்.

அம்மா இப்போது வீடு முழுக்கத் தனியாக நடக்கிறாள். களிமண் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “இது மட்டும்தான்டா நம்ம வீடு மாதிரி சூடா இருக்கு” என்கிறாள். ஆகவே எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. உன் தம்பி இருக்கப் பயமேன்? நீ வர வேண்டாம். பரீட்சையை முடித்துக்கொண்டு ஏழு மாதம் கழித்தே வா.

என்றும் உன் அன்புத் தம்பி,
(இவ்வட்டாரத்தின் ஒரே இயற்கை முறை உள் அலங்கார நிபுணர்)

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன்.

அம்மா வழுக்கி விழவில்லை அக்கா. சாப்பாட்டு மேசையிலிருந்து அவள் நாற்காலியைத் தூக்கிவந்து நடையின் நடுவில் போட்டது நான். வந்து இடித்துக்கொள்வாள், எருமை என்று திட்டுவாள், அதற்கும் நாலு கால் இதற்கும் நாலு கால் என்று சொல்ல வசனம் தயாராக வைத்திருந்தேன். நேராக நடந்து வந்தாள். பட்டப்பகல். நாற்காலியோடு சேர்ந்து விழுந்தாள். நான் கைக்கெட்டும் தூரத்தில், அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தை அங்கும் இங்கும் திருப்பி, “டேய், எங்கடா இருக்க?” என்று கேட்டாள்.

அப்பா வருவதற்குள் நாற்காலியை மேசைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். தரை வழுக்கியது என்று நான்தான் சொன்னேன். அம்மாவும், “ஆமாங்க, வழுக்கிடுச்சு” என்றாள். அதன்பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அப்பா பெயர்த்தது தப்பே செய்யாத டைல்ஸ்களை. நான் அள்ளிக் கொட்டினேன்.

திட்டம் என்னுடையதும் இல்லை. சணல், கோரை, களிமண் எல்லாம் அம்மா கடையில் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எடுத்தவை. நான் பை தூக்கினேன், அவ்வளவுதான். நேற்றுக் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைவரை நடந்து பார்த்தேன். நாலாவது அடியில் அவிழ்த்துவிட்டேன்.

அப்பாவிடம் நான் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அம்மாவுக்கு நடுவில் மட்டும் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. சாவித் துவாரம் அளவு என்கிறாள். நேரெதிரே வந்து நின்றால் ஒரு முகம் அதில் அடங்கும். ஏழு மாதம் இருக்காது என்று நினைக்கிறேன் அக்கா. நான் சொன்னதைக் கேட்காதே, வந்துவிடு. பகல் வெளிச்சத்தில் வந்து சேருகிற மாதிரி டிக்கெட் எடு.