ஏணிக்கடியில் என் டப்பா

ஜனவரி 11, ஞாயிறு

ஒளித்தாயிற்று! இரண்டு வருடமாக அடுத்தவர் ஒளித்த டப்பாக்களைத் தேடி ஊர் ஊராகக் கார் ஓட்டியவள், இன்று என் டப்பாவை வைத்துவிட்டேன். கொல்லிமலையில், வாசலூர்பட்டி ஏரிக்குப் போகும் ரோட்டோரம், மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில், இரண்டு கல்லுக்கு நடுவே. உள்ளே குட்டி நோட்டு, பென்சில். இடத்தை ஜியோகேச்சிங் என்கிற இந்த டப்பா தேடும் விளையாட்டின் ஆப்பில் போட்டேன். கண்டுபிடிப்பவர் பேர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். "ஊர்க்காரர் கேட்டால் மூச்சு விடாதீர்கள்" என்று ஒரு குறிப்பும்.

எழுபது கொண்டை ஊசி வளைவும் நான்தான் ஓட்டினேன். வீட்டுக்காரர் கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தார். அடுத்தது வால்பாறை என்றதும் எரிந்து விழுந்தார். "ஒருத்தராவது உன் டப்பாவக் கண்டுபுடிச்சுப் பேரெழுதட்டும் கோகிலா. அப்புறம் வாரேன்."

இவர் இல்லாமல் போகப் பிடிக்கவில்லை. நல்ல இடம் வந்தால் யாரிடம் காட்டுவது?

ஜனவரி 25

ஒருவர் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லையாம்.

ஜனவரி 31, சனி

இன்னொருவருக்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பாவி மனுஷன்! நாளைக்கே இவரையும் இழுத்துக்கொண்டு மலையேறிவிட வேண்டும்.

பிப்ரவரி 1

டப்பா இல்லை. கல்லும் இல்லை. அந்த இடத்தில் ஒரு மூங்கில் ஏணி. தையில் மிளகு பறிப்பார்கள் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லையே!

ஏணி மேலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "என்னங்க தேடறீங்க?"

'ஒண்ணுமில்லீங்க' என்று வாய் வரை வந்துவிட்டது. மனசு கேட்காமல் டப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

"அட, அது உங்களுதுங்களா! யாரோ சோத்து டப்பாவ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு ஊட்ல எடுத்து வெச்சனுங்க. ரெண்டு பேரு வந்து மரத்தையே சுத்துனாங்க. கேட்டா, ஒண்ணுமில்லீங்கன்னு ஓடிட்டாங்க. சொல்லியிருந்தாக் குடுத்திருப்பேனே சாமி."

எல்லாம் நான் போட்ட குறிப்பு! என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன்.

பேர் பாப்பாத்தி. விளையாட்டைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப மொதல்ல கண்டுபுடிச்சது நாந்தானுங்களே?"

வீட்டிலிருந்து டப்பாவை எடுத்து வந்தார்; திறந்து நோட்டை நீட்டினேன். நிதானமாக, எழுத்து எழுத்தாகப் பேரை எழுதினார். டப்பாவை ஏணி படாத பக்கமாக அவரே வைத்தார். வீட்டுக்காரர், பாப்பாத்தி கொடுத்த மலை வாழைப்பழத்தைத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது மறுபடி கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வந்தார். பாப்பாத்தி எழுதிய பேரைக் கணக்கில் சேர்ப்பாரோ, மாட்டாரோ!

பிப்ரவரி 2

குறிப்பை மாற்றிவிட்டேன்: "கிடைக்காவிட்டால் பாப்பாத்தி அக்காவிடம் கேளுங்கள்."

பிப்ரவரி 6, வெள்ளி

இவர் சந்தைக்குப் போய் வந்தார். பையைக் கொட்டினால் தக்காளிக்கு அடியில் பத்து எலுமிச்சம்பழம்.

"ஊறுகாய்க்குங்களா?"

"வால்பாறைக்கு நாப்பது வளைவாமா. பத்தும் பத்துமான்னு பாரு."