எல்மரின் இடது முழங்கால்

ஜனவரி 17
ஆறாவது தோல்வி. கூடைப்பந்து சீசனில் இன்னும் ஐந்து ஆட்டம்தான் பாக்கி. திரும்பும்போது எட்சா சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் பஸ் நகரவில்லை. கடைசி சீட்டில் எங்கள் முக்கிய ஆட்டக்காரன் எல்மர், இடது முழங்காலில் ஐஸ் பையோடு. "அக்கா, நம்ம டீமுக்கு மீன்கொத்தின்னு பேர் வெச்சவன் யாரு? ஒரு மீனக்கூடக் கொத்தக் காணோம்." ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 20
எல்மரின் முழங்கால் ஸ்கேன் வந்துவிட்டது. தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் ஓய்வு வேண்டும். கோச் மக்லாயாவிடம் சொன்னேன். "ஆறு வாரமா? அதுக்குள்ள சீசனே முடிஞ்சிடும்மா. அவன் இல்லாம யார வெச்சு ஆடுறது, உன்னையா?"

ஜனவரி 23
எல்மர் சிகிச்சை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். "முப்பத்திமூணு வயசுக்கா. இப்ப உக்காந்தா அடுத்த வருஷம் எவன் கூப்பிடுவான்? ஆடலாம்னு எழுதிக் குடு. வீட்ல ரோவேனாவுக்குத் தெரிய வேணாம், கொன்னுடுவா."
அணியின் பிசியோதெரபிஸ்ட் என்று என் பெயர் அச்சடித்த தாள். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஏன் போட்டேன்? அவனைப் பாவம் பார்த்தா, கோச்சுக்குப் பயந்தா?

ஜனவரி 24
தாளைத் திரும்ப வாங்க அலுவலகம் வரை போனேன். வாசலோடு திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 1
ஜெயித்தோம்! எல்மர் முப்பத்தொரு புள்ளி. அரங்கமே அவன் பெயரைக் கத்தியது. கோச் என் தோளைத் தட்டி, "நீ ஸ்கேனப் பாக்குற, நான் ஆளப் பாக்குறேன்" என்றார். எல்மரின் மனைவி ரோவேனா ஒரு டப்பா அடோபோ கறியை என் கையில் திணித்தாள். "அவர நல்லாப் பாத்துக்குறீங்கக்கா."
டப்பாவை நான் திறக்கவில்லை.

பிப்ரவரி 8
மூன்றாவது கால்பகுதி. பந்துக்கு எம்பினான். இறங்கும்போது கால் உள்பக்கம் மடிந்தது — பெஞ்சில் இருந்த எனக்கே சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் தலையைத் தாங்கினேன். வலியில் கத்தவில்லை அவன். "சொல்லிடாதக்கா" என்றான்.
ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

பிப்ரவரி 11
இனி ஆட்டம் கிடையாது, நடக்க வைக்கப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். கோச் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீதானே ஆடலாம்னு எழுதிக் குடுத்த."
ஆமாம். நான்தான்.

மார்ச் 3
சீசன் முடிந்தது. ஒரு வெற்றி, பத்துத் தோல்வி.

மார்ச் 15
மத்தியானம் எல்மர் வீட்டுக்குப் போனேன். "வாங்கக்கா, சாப்பிடலாம்" என்று ரோவேனா மூன்று தட்டு வைத்தாள். சோறு போட்டுக்கொண்டே, "முன்னாடியே ஒரு அறிகுறி காட்டியிருக்கக் கூடாதா அந்தக் கால்?" என்றாள்.
எல்மர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான் — வேண்டாம்.
சொல்லிவிட்டேன். ஸ்கேன், ஆறு வாரம், கையெழுத்து, எல்லாம்.
அவள் அழவில்லை. புருஷனைப் பார்த்தாள். பிறகு என் முன்னால் இருந்த தட்டை எடுத்து, அதில் போட்ட சோற்றைத் திரும்பவும் பானையில் கொட்டினாள்.